பௌலிங் பந்தில் விரிசலா? ப்ரோ ஷாப்புக்குப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

லேன் எனும் நீண்ட ஓடுபாதையில் உருட்டிப் பின்களை வீழ்த்தும் ஆட்டத்துக்கென்று சொந்தமாக ஒரு பௌலிங் பந்து வாங்கி, விரலுக்கு அளவெடுத்துத் துளை போட்டு, அது கைக்குப் பழகி வரும் நேரத்தில் மேலே ஒரு கோடு தெரிந்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். "மட்டமான பந்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று சிலருக்குக் கோபம் வரும். "நான்தான் எங்கேயோ போட்டு உடைத்துவிட்டேன்" என்று சிலர் வாயைத் திறக்காமல் இருந்துவிடுவார்கள். இரண்டுமே அவசரம். விரிசல் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நிதானமாகப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு ப்ரோ ஷாப்புக்கு, அதாவது பௌலிங் பந்து விற்றுத் துளை போட்டுத் தரும் கடைக்குப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும், உங்களுக்குச் சேர வேண்டியதும் வந்து சேரும்.

முதல் படி: வீசுவதை நிறுத்துங்கள்

"இன்னும் ஒரு கேம்தானே" என்று தொடர வேண்டாம். விரிசல் விட்ட பந்து ஒவ்வொரு முறை பின்களில் மோதும்போதும் இன்னும் கொஞ்சம் திறக்கும். துண்டு பெயர்ந்தால் விரலைக் கிழிக்கும், லேனையும் பந்து திரும்பி வரும் இயந்திரத்தையும் சேதப்படுத்தும். இன்னொரு விஷயமும் இருக்கிறது: நேற்றுவரை மெல்லிய கோடாக இருந்தது இன்று பெரிதாகிவிட்டால், அது எப்படித் தொடங்கியது என்று கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிடும்.

இரண்டாம் படி: அது விரிசல்தானா என்று உறுதி செய்யுங்கள்

பந்தில் தெரியும் கோடெல்லாம் விரிசல் இல்லை. லேனில் உருளும் இடத்தில் வளையம் வளையமாகக் கீறல் விழுவது சாதாரணம். இரண்டு நிறம் கலந்த பந்தில் நிறங்கள் சேரும் எல்லையே சில வெளிச்சத்தில் கோடு மாதிரி தெரியும்.

முதலில் நகத்தை வைத்துப் பாருங்கள். கோட்டுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்தால் நிற எல்லையில் வழுக்கிக்கொண்டு போகும், விரிசலில் சிக்கும். கீறலிலும் சிக்கலாம் என்பதால் இது மட்டும் போதாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அந்த இடத்தை ஒருமுறை துடைத்துவிட்டுச் சில விநாடிகள் உற்றுப் பாருங்கள். சுற்றிலும் மேற்பரப்பு உடனே காய்ந்துவிடும். விரிசலாக இருந்தால், உள்ளே இறங்கிய ஈரம் மட்டும் கறுத்த மெல்லிய இழையாகச் சற்று நேரம் நிற்கும். அந்த இழை எங்கே முடிகிறதோ அதுதான் விரிசலின் உண்மையான முனை. வெறும் கண்ணுக்குத் தெரிவதைவிட அது பெரும்பாலும் நீளமாகவே இருக்கும். இரண்டு முனையிலும் மார்க்கரால் சின்னப் புள்ளி வைத்துவிடுங்கள். சில நாள் கழித்து இழை அந்தப் புள்ளியைத் தாண்டியிருந்தால், பந்தை வீசாமலேயே விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். அசிட்டோன் மட்டும் வேண்டவே வேண்டாம், அது பந்தின் மேலுறையையே அரித்துவிடும்.

மூன்றாம் படி: விரிசல் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதை நம்பித்தான் இருக்கிறது. ஒரு பௌலிங் பந்து ஒரே கட்டிப் பொருள் இல்லை. நடுவில் கோர் எனப்படும் மையக் கட்டி, அதைச் சுற்றி நிரப்புப் பொருள், அதற்கு மேல் கவர்ஸ்டாக் எனப்படும் மேலுறை. இந்த மேலுறை பாலியெஸ்டராகவோ, யூரித்தேனாகவோ, 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசினாகவோ இருக்கும். சூடு பட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் விரியும், குளிர்ந்தால் ஒவ்வோர் அளவில் சுருங்கும். அதோடு ரெசின் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் வெளிப்பக்கம் குளிர்ந்த பிறகும் உட்பக்கம் சூடாகவே இருக்கும். சூடான கண்ணாடி டம்ளரில் சட்டென்று குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும்: சுருங்கப் பார்க்கும் மேலுறையை உள்ளே இருப்பது விடாது, இழுவை தாங்காமல் மேலுறை பிளக்கும்.

இப்படி வரும் விரிசல் நீளமாக, ஓரளவு சீரான வளைவாக ஓடும். சில பந்துகளில் பாதிச் சுற்றளவுக்கு மேலேயே போய்விடும். மோதிய தடயமோ, பெயர்ந்த துகளோ இருக்காது. பையைத் திறந்தால் பந்து பிளந்து கிடக்கும், "நான் தொடவே இல்லையே" என்று தோன்றும். கார் டிக்கிதான் இதற்குப் பேர்போன இடம். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் வெந்த பந்தை எடுத்து நேராக ஏசி ஓடும் அரங்குக்குள் கொண்டுபோவது, குளிர் நாட்டில் இரவெல்லாம் டிக்கியில் கிடந்ததை வெதுவெதுப்பான இடத்துக்குக் கொண்டுவருவது, இரண்டும் ஒரே வகை ஆபத்து. பந்திலிருந்து எண்ணெய் எடுக்கிறேன் என்று ஓவனிலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் வைப்பவர்களும் இதே விரிசலைத்தான் வரவழைக்கிறார்கள்.

விரல் துளைகளில் தொடங்கும் விரிசல் வேறு வகை. நடுவிரல் துளைக்கும் மோதிர விரல் துளைக்கும் இடையே இருக்கும் குறுகிய சுவரை பிரிட்ஜ் என்பார்கள். பல பந்துகளில் அதன் அகலம் கால் அங்குலம்தான். பந்தில் இருப்பதிலேயே பலவீனமான இடம் அது. அந்தச் சுவரின் குறுக்கே ஒரு சின்ன முடி விரிசல் விழுவது அடிக்கடி நடப்பதுதான், அங்கேயே நின்றுவிட்டால் பயப்படத் தேவையில்லை. துளையின் விளிம்பை வழித்து உருட்டாமல் கூராக விட்டிருந்தாலோ, துளையின் அடிப்பாகம் சதுர மூலையாக முடிந்திருந்தாலோ, அழுத்தமெல்லாம் அந்தக் கூர்முனையில் குவிந்து அங்கிருந்து பிளவு கிளம்பும். கட்டைவிரல் துளையிலிருந்து வெளியே ஓடும் விரிசலைப் பார்த்தால், உள்ளே ஒட்டியிருக்கும் தம்ப் ஸ்லக் என்ற உருளையையும் கவனியுங்கள். அதற்கும் பந்துக்கும் விரியும் அளவு வேறு. இறுக்கமாகப் பொருத்திய ஸ்லக் துளையை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

அடிபட்டு வரும் விரிசலைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு புள்ளியில் பள்ளமோ பிறை வடிவச் சில்லோ இருக்கும், அங்கிருந்து கோடுகள் கிளம்பும். பின்களை வாரும் தடுப்பு இறங்கியிருக்கும்போது பந்தை வீசினாலோ, பந்தைத் தரையில் உருட்டாமல் தூக்கிப் போடும் பழக்கம் இருந்தாலோ இது நடக்கும். இயந்திரத்துக்குள் ஏதாவது உடைந்த பாகம் நீட்டிக்கொண்டிருந்தாலும் நடக்கும். அப்படியானால் அதே லேனில் ஆடிய மற்றவர்களின் பந்துகளிலும் அதே மாதிரி வெட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் நீங்கள் பேச வேண்டியது பௌலிங் அரங்கத்தின் நிர்வாகத்திடம், ப்ரோ ஷாப்பிடம் இல்லை.

இவை எதிலும் சேராத விரிசல்களும் உண்டு: அறை வெப்பத்திலேயே வைத்திருந்த புதுப் பந்து, அடிபட்ட தடயம் எதுவும் இல்லை, துளையிலிருந்தும் தொடங்கவில்லை. வார்ப்பில் ஏதோ குறை என்று நியாயமாகச் சந்தேகிக்கலாம்.

நான்காம் படி: படம் எடுங்கள், எதையும் ஒட்டாதீர்கள்

முழுப் பந்து ஒன்று, பெயரும் சின்னமும் தெரிய ஒன்று, சீரியல் எண் தெளிவாகத் தெரிய ஒன்று, விரிசலை நெருக்கமாக இரண்டு மூன்று. நெருக்கப் படத்துக்கு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் விரிசல் நிழலோடு எழுந்து தெரியும். வாங்கிய ரசீதையும் தேடி எடுத்துவையுங்கள். உத்தரவாதக் காலம் வாங்கிய தேதியிலிருந்துதான் கணக்கு.

சூப்பர் குளூவைக் கையில் எடுக்க வேண்டாம். ஒட்டிய விரிசலை வைத்து யாரும் எதையும் தீர்மானிக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: ப்ரோ ஷாப்பில் பேசுவது

லீக் ஆட்டம் தொடங்கும் மாலை நேரத்தில் போகாதீர்கள். ஒருவர் துளையைச் சரிசெய்யச் சொல்லி நிற்பார், இன்னொருவர் விரல் துளைக்குள் பொருத்தும் இன்செர்ட்டை மாற்றக் கேட்பார், உங்கள் பந்தை நிதானமாகப் பார்க்க அவர்களுக்கு நேரமே இருக்காது. முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போவது நல்லது. இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்களிடம் வாங்கித் துளை போட்ட பந்தில் ஒரு விரிசல் தெரிகிறது. வாங்கிய தேதி, சீரியல் எண், படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். கட்டைவிரல் துளைக்கு மேலே தொடங்கி இடது பக்கமாக ஓடுகிறது. பந்தை வீட்டுக்குள் அறை வெப்பத்தில்தான் வைத்திருந்தேன். கவனித்ததிலிருந்து வீசவில்லை. கொண்டுவந்து காட்ட எந்த நேரம் வசதி?"

எங்கே வைத்திருந்தீர்கள் என்பதில் உண்மையைச் சொல்லுங்கள். டிக்கியில் இருந்தது என்றால் டிக்கி என்றே சொல்லுங்கள். தினமும் பந்துகளைப் பார்ப்பவர்களுக்கு வெப்ப விரிசல் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஒரு விஷயத்தில் மழுப்பினால் மற்றவற்றிலும் நம்பிக்கை போய்விடும்.

கடையில் யார் எதற்குப் பொறுப்பு என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். பந்தின் வார்ப்புக் குறைக்கு உற்பத்தி நிறுவனம் பொறுப்பு. துளை போட்டதில் வந்த குறைக்குக் கடை பொறுப்பு. வெப்பத்துக்கும் வைத்திருந்த விதத்துக்கும் உரிமையாளர் பொறுப்பு. உத்தரவாதம் பொதுவாக முதல் வகைக்கு மட்டும்தான், அதுவும் ஓராண்டு, இரண்டாண்டு என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மாற்றுப் பந்து கிடைத்தாலும் அதில் துளை போடும் கூலி பெரும்பாலும் அதில் அடங்காது. இணையத்தில் வாங்கி இன்னொரு கடையில் துளை போட்டிருந்தால், துளை போட்டவரிடம் போய்ப் பந்துக்கு மாற்றுக் கேட்பது நியாயமில்லை. விற்றவரிடமோ நிறுவனத்திடமோதான் கேட்க வேண்டும்.

நல்ல கடைக்காரர் பந்தைக் கையில் வாங்கியதும் துளைக்குள் விளக்கடித்துப் பார்ப்பார், விரிசல் துளையின் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று உங்களுக்கும் காட்டுவார். எது காரணம், ஏன் அப்படி நினைக்கிறார் என்று விளக்குவார். நிறுவனத்துக்குப் படங்களை அனுப்பும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, எப்போது பதில் வரும் என்றும் சொல்வார். இந்த விளக்கத்தைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை என்பது என் உறுதியான கருத்து. பந்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "நீங்கள்தான் சூட்டில் வைத்திருப்பீர்கள்" என்று சொன்னால், எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். பதில் வரவில்லையா, சரி, பந்தை எடுத்துக்கொண்டு இன்னொரு கடையில் காட்டுங்கள். ஐபிபிஎஸ்ஐஏ என்ற சர்வதேச ப்ரோ ஷாப் சங்கம் கடைக்காரர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. அந்தச் சான்றிதழ் பெற்றவர் அருகில் இருந்தால் இரண்டாவது கருத்துக்கு அவர் நல்ல தேர்வு. நிறுவனத்துக்கு நேரடியாகவும் எழுதலாம்.

ஆறாம் படி: ஒட்டுவதா, கைவிடுவதா

உத்தரவாதம் கிடையாது என்று முடிவான பிறகு இதற்கு வாருங்கள். மேலோட்டமான முடி விரிசலில் தண்ணீர் போல் ஓடும் வகை சூப்பர் குளூவை ஊறவிட்டு, நன்றாகக் காய்ந்ததும் தேய்த்துச் சமப்படுத்தினால் பந்து இன்னும் நெடுநாள் ஓடும். பிரிட்ஜ் முழுவதும் பிளந்திருந்தால் துளைகளை பிளக் செய்து அடைத்து, மறுபடி துளை போட வேண்டும். இரண்டையும் கடையில் செய்வதே நல்லது. மேலுறையைத் தாண்டி உள்ளே இறங்கி, நீளமாகச் சுற்றி ஓடும் விரிசலுக்கு மருந்து இல்லை. அந்தப் பந்தை மேலும் ஆட வைக்காதீர்கள்.

அடுத்த பந்துக்கு

பந்து எப்போதும் வீட்டுக்குள், உங்களோடு அறை வெப்பத்தில் இருக்கட்டும். பயணத்தில் டிக்கியில் வைக்காமல் இருக்கைப் பக்கம் வையுங்கள். வெளியே வெப்பமோ குளிரோ கடுமையாக இருந்தால், அரங்குக்குப் போனதும் வீசாமல் பந்துக்கும் சற்று நேரம் கொடுங்கள். நீண்ட நாள் ஆடப் போவதில்லை என்றால் கிண்ணத்தில் வைத்து, அவ்வப்போது திருப்பி வையுங்கள். கழற்றக்கூடிய தம்ப் ஸ்லக் என்றால் அதைக் கழற்றிவிடுங்கள். துளை போடக் கொடுக்கும்போது விளிம்பை நன்றாக உருட்டச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், சீரியல் எண்ணைப் படம் எடுத்து ரசீதோடு சேர்த்து வையுங்கள். சில சமயம் துளை சரியாக அந்த எண்ணின் மேலேயே விழுந்துவிடும், அப்புறம் அதைப் படிக்க வழியே இருக்காது.