1818ஆம் ஆண்டின் இலக்கியம்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, ஜேன் ஆஸ்டினின் கடைசி இரண்டு நாவல்கள், கீட்ஸின் ‘எண்டிமியன்’, பைரனின் ‘சைல்டு ஹெரால்டு’ நான்காம் காண்டம், பெர்சி ஷெல்லியின் ‘ஓசிமாண்டியஸ்’ ஆகியவை 1818இன் இலக்கியம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு படைப்பு எழுதப்பட்ட ஆண்டு, அச்சான ஆண்டு, தலைப்புப் பக்கத்தில் காணப்படும் ஆண்டு, நாம் இன்று படிக்கும் பாடம் (நூலின் சொல்வடிவம்) உருவான ஆண்டு ஆகிய நான்கும் வெவ்வேறாக இருக்கக்கூடும். இந்த ஆண்டைப் பற்றிய கட்டுரைகளில் காணப்படும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவையே.

தலைப்புப் பக்கத்தை அப்படியே நம்புவது முதல் தவறு. ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’, ‘பெர்சுவேஷன்’ ஆகிய நாவல்கள் சேர்ந்து வந்த நான்கு தொகுதிகளில் 1818 என்று அச்சிடப்பட்டிருந்தாலும், அவை கடைக்கு வந்தது 1817 டிசம்பர் இறுதியில்தான். வால்டர் ஸ்காட்டின் ‘ராப் ராய்’ நாவலும் அவ்வாறே. ஆண்டு முடியும் தறுவாயில் வெளியிடப்படும் நூல் சில நாட்களிலேயே ‘சென்ற ஆண்டு நூல்’ ஆகிவிடும் என்பதால், பதிப்பாளர்கள் அடுத்த ஆண்டின் எண்ணை இடுவது வழக்கமாக இருந்தது. ஜெர்மனியிலும் இதே வழக்கம் உண்டு. ஷோபன்ஹவரின் முதன்மையான தத்துவ நூலின் முதற்பதிப்பு 1819 என்ற எண்ணைத் தாங்கியிருந்தபோதிலும் 1818 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. ஆகவே ஆஸ்டினை 1818இல் சேர்த்து ஷோபன்ஹவரை 1819இல் சேர்ப்பவர், தலைப்புப் பக்கத்தை ஆதாரமாகக் கொள்வதாக முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆஸ்டின் விஷயத்தில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று நேர்கிறது. பேய்மாளிகைக் கதைகளைக் கேலி செய்யும் ‘நார்த்தாங்கர் அபே’யும் ‘ஃபிராங்கன்ஸ்டைனும்’ அடுத்தடுத்து வந்ததைக் கண்டு, இரண்டையும் ஒரே காலத்து மனநிலையின் இரு முகங்களாக விளக்க முற்படுவோர் உண்டு. ஆனால் ஆஸ்டின் அந்த நாவலின் முதல் வடிவத்தை 1790களின் இறுதியில் எழுதி, 1803இல் ஒரு லண்டன் பதிப்பாளருக்குப் பத்துப் பவுண்டுக்கு விற்றார். அந்தப் பதிப்பாளர் அதை அச்சிடவே இல்லை. 1816இல் அதே தொகையைக் கொடுத்துக் கையெழுத்துப் படி திரும்பப் பெறப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் நூலின் சில பகுதிகள் பழையதாகிவிட்டன என்று ஆசிரியரே ஒரு குறிப்பில் வாசகருக்கு எச்சரிக்கையும் செய்திருக்கிறார். அந்தக் கேலி 1790களின் வாசிப்பு மோகத்தை நோக்கியது. மேரி ஷெல்லியின் நாவலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேலும், நூல் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1817 ஜூலை 18 அன்று, ஆஸ்டின் இறந்துவிட்டார். ‘1818இல் ஆஸ்டின் வெளியிட்டார்’ என்ற வாக்கியம் இன்றும் அச்சில் தென்படுவது வருந்தத்தக்கது.

பிற்காலத்தில் புகழ்பெற்ற பெயர்களை அன்றைய வாசகரும் அறிந்திருந்தார்கள் என்று எண்ணுவதும் பிழையே. 1818 ஜனவரி 1 அன்று மூன்று தொகுதிகளாக, 500 படிகள் மட்டும் அச்சிடப்பட்டு வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைனில்’ ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரையைப் பெர்சி ஷெல்லி எழுதியிருந்தார். நூல் மேரியின் தந்தையும் பெர்சியின் மாமனாருமான வில்லியம் காட்வினுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. இவற்றை வைத்து, மதிப்புரை எழுதிய ஸ்காட் ஆசிரியர் பெர்சி ஷெல்லியாகத்தான் இருப்பார் என்று கருதினார். அந்த ஸ்காட்டும் தம் நாவல்களில் தம் பெயரை இடாமல், 1827 வரை அவை தம்முடையவை என்று பகிரங்கமாக ஒப்புக்கொள்ளாமல் இருந்தவர் என்பது சுவையான முரண். ஆஸ்டினின் தலைப்புப் பக்கத்திலும் முந்தைய நாவல்களின் பெயர்களே இருந்தன. அவருடைய அண்ணன் ஹென்றி சேர்த்த வாழ்க்கைக் குறிப்புதான் ஆசிரியர் இன்னாரென்று வெளிப்படையாகச் சொன்னது. எனவே, ‘பெண் எழுத்தாளரின் நாவலை 1818இன் வாசகர்கள் எப்படி ஏற்றார்கள்’ என்ற கேள்வியை ‘ஃபிராங்கன்ஸ்டைனை’ முன்வைத்துக் கேட்பவர் சற்றே நிதானிக்க வேண்டும்.

அடிக்கடி நிகழ்வதும் கண்ணுக்குத் தெரியாததுமான தவறு, 1831ஆம் ஆண்டுப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1818ஐப் பற்றி எழுதுவதாகும். நெடுங்காலம் பரவலாக அச்சிடப்பட்டு வந்தது, மேரி ஷெல்லி திருத்தி ஒரே தொகுதியாக வெளியிட்ட 1831ஆம் ஆண்டுப் பதிப்பே. ஜெனீவா ஏரிக்கரையில் 1816 கோடையில் பேய்க்கதை எழுதப் போட்டி வைத்தது, கண்ட பகற்கனவு ஆகியவற்றைக் கூறும் புகழ்பெற்ற முன்னுரை அந்தப் பதிப்பில்தான் உள்ளது. கதையில் எதையும் மாற்றவில்லை என்று அதிலேயே அவர் கூறுகிறார். அந்தக் கூற்றை நம்பக் கூடாது. 1818ஆம் ஆண்டுப் பாடத்தில் எலிசபெத், கதாநாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனின் தந்தையுடைய சகோதரி பெற்ற பெண், அதாவது அத்தை மகள். 1831இலோ அவள் ரத்த உறவில்லாத, ஏழைக் குடும்பமொன்றிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட பெண் ஆகிவிடுகிறாள். அத்தை மகளை மணப்பது தமிழ் வாசகருக்கு இயல்பாகப்படும் என்பதாலேயே இந்த மாற்றம் நம் கவனத்திலிருந்து எளிதில் நழுவுகிறது. 1818இன் விக்டர் தன் நெருங்கிய ரத்த உறவையே மணக்கப்போகிறான் என்பது அந்நாவலின் குடும்பச் சித்திரத்தில் முக்கியமானது. விதியைப் பற்றிய புலம்பல்களும் 1831இல் கூடுகின்றன. மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பு என்பதைக் குறிப்பிடாத கட்டுரையை இந்த ஒரு காரணத்துக்காகவே ஐயத்துடன் படிக்கலாம். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் பெயர், படைக்கப்பட்டதன் பெயரன்று என்பதைப் பலரும் சொல்லிவிட்டதால் இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

‘ஓசிமாண்டியஸ்’ பற்றி வழங்கும் கதையும் திருத்தத்துக்குரியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கிரேக்கர் ஓசிமாண்டியஸ் என்றழைத்த எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேஸின் சிலையை நேரில் பார்த்துவிட்டு ஷெல்லி அதை எழுதினார் என்பார்கள். ஆனால் அவரும் நண்பர் ஹோரஸ் ஸ்மித்தும் ஒரே பொருளில் ஆளுக்கொரு கவிதை எழுதியது 1817இன் இறுதியில்; ஷெல்லியின் கவிதை ‘எக்ஸாமினர்’ இதழில் ஒரு புனைபெயரில் வெளியானது 1818 ஜனவரி 11 அன்று. இத்தாலியப் பயணி பெல்சோனி எகிப்திலிருந்து அகற்றி அனுப்பிய சிலை அதற்குப் பிறகே லண்டனை அடைந்தது. சிலை வரப்போகிறது என்ற பேச்சு கவிதையைத் தூண்டியிருக்கலாம் என்பதற்கு மேல் துணிந்து சொல்ல இடமில்லை.

கீட்ஸை மதிப்புரைகள் கொன்றன என்ற கதைதான் இவற்றுள் மிகவும் கெட்டியானது. ‘எண்டிமியன்’ வெளிவந்த பின் ‘பிளாக்வுட்ஸ்’ இதழும் ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’வும் அதைக் கடுமையாகத் தாக்கின என்பது உண்மை. ‘குவார்ட்டர்லி’யின் அந்த இதழில் ஏப்ரல் என்று போட்டிருந்தாலும் அது வெளிவந்தது செப்டம்பரில் என்பதை இங்கும் மறக்கக் கூடாது; இல்லாவிட்டால் நூலுக்கு முன்பே மதிப்புரை வந்ததாகிவிடும். அந்த அக்டோபரில் எழுதிய கடிதங்களில் கீட்ஸ், தம் கவிதையைத் தாமே விமர்சித்துக்கொள்வது அந்த இதழ்கள் தரக்கூடிய வேதனையைவிடப் பெரியது என்றும், இறந்த பிறகு ஆங்கிலக் கவிஞர்களிடையே தமக்கு இடம் இருக்கும் என்று நினைப்பதாகவும் குறிப்பிடுகிறார். அவரை அப்போது உண்மையில் வாட்டியது, காசநோயால் படுத்துவிட்டு டிசம்பர் 1 அன்று இறந்த தம்பி டாமின் நிலை. மறு ஆண்டிலேயே அவர் தம் மிகச் சிறந்த கவிதைகளை எழுதினார். 1821 பிப்ரவரி 23 அன்று ரோம் நகரில் அவரைக் கொண்டுபோனதும் காசநோய்தான். மதிப்புரையே எமனாயிற்று என்ற கதையை வளர்த்தவை, அவர் இறந்த பிறகு ஷெல்லி எழுதிய இரங்கற்பாவும் பைரனின் ஏளன வரிகளும்.

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் குடும்பத்தில் படிக்கத் தகாதவை என்று கருதிய பகுதிகளை நீக்கிய, பவுட்லரின் ‘குடும்ப ஷேக்ஸ்பியர்’ 1818இல் பிறந்தது என்பதும் அரைகுறைச் செய்தி. தாமஸ் பவுட்லரின் பெயரில் பத்துத் தொகுதிகள் வந்தது அந்த ஆண்டில். ஆனால் இருபது நாடகங்கள் கொண்ட முதற்பதிப்பு 1807இலேயே பெயரின்றி வெளிவந்தது, அதைத் தொகுத்தவர் அவருடைய சகோதரி ஹென்ரியட்டா.

பிறந்த நாட்களைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. ருஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் பிறந்தது அந்நாட்டுப் பழைய நாட்காட்டிப்படி 1818 அக்டோபர் 28. இன்றைய நாட்காட்டிப்படி நவம்பர் 9. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேதிகளுக்குப் பன்னிரண்டு நாட்களையே கூட்ட வேண்டும். பதின்மூன்று நாள் வேறுபாடு 1900க்குப் பிறகே தொடங்குகிறது என்பதால் நவம்பர் 10 என்று எழுதுவது தவறு.