சைலன்சருக்குள் என்ன வைத்தால் சத்தம் அடங்கும்? சின்ன இன்ஜினுக்கு ஓர் உள்குழல் செய்யும் முறை

ஜெனரேட்டரோ, தண்ணீர் பம்போ, ஒற்றை சிலிண்டர் இன்ஜின் எதுவாக இருந்தாலும் அதன் சத்தத்தில் பெரும்பங்கு புகைக்குழாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. சத்தம் தாங்கவில்லை என்றதும் பலர் குழாயின் வாயைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். ஒரு வாஷரை வைத்து வெல்டிங் அடிப்பார்கள், இல்லையென்றால் கம்பி வலையைச் சுருட்டித் திணிப்பார்கள். சத்தம் கொஞ்சம் குறையும்தான். கூடவே இழுவையும் குறையும், இன்ஜின் சூடேறும், நாளடைவில் வால்வும் கருகும். நாம் மடக்க வேண்டியது ஒலியலையை. புகை தடையில்லாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு அளவும் இதை மனதில் வைத்துத்தான் சொல்லப்படுகிறது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். சாலையில் ஓடும் வண்டிகளில் அங்கீகாரம் பெற்ற சைலன்சரை மாற்றுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புகைக்குழாயின் வடிவமே சக்தியைத் தீர்மானிக்கிறது, எண்ணெய்ப் புகை சைலன்சருக்குள் நாம் வைக்கும் பஞ்சையும் நனைத்துவிடும். அதனால் இந்த முறை ஓரிடத்தில் நின்று ஓடும் சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின்களுக்கு மட்டும்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது

வெளியேற்று வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் புகையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். அது ஒரே தள்ளாகக் குழாய்க்குள் பாய்கிறது. அந்தத் தள்ளுதான் நமக்கு ‘டப்’ என்று கேட்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிப்பு. எனவே நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 25 ‘டப்’ போடும், அதாவது 25 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலி காதை அதிகம் உறுத்தாது. ஆனால் அதன் மடங்குகளாக 50, 75, 100 என்று ஏறி ஆயிரத்தைத் தாண்டியும் ஒலி இருக்கும். உறுத்துவது அவைதான்.

இதை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். நெஞ்சில் இடிப்பது போன்ற ‘தொம் தொம்’ தாழ்ந்த ஒலி. காதைக் குத்தும் ‘படபட’, ‘சர்ர்’ எல்லாம் உயர்ந்த ஒலி. தாழ்ந்ததற்கு வெற்று அறை வேண்டும். சின்னக் குழாயிலிருந்து திடீரென்று அகலமான அறைக்குள் வரும் அலையில் ஒரு பங்கு, வந்த வழியே இன்ஜின் பக்கம் திரும்பிவிடும். உயர்ந்ததற்குப் பஞ்சு வேண்டும். ஓட்டைக் குழாயைச் சுற்றியிருக்கும் நார்களின் இடுக்கில் காற்று உரசும்போது ஒலியின் ஆற்றல் வெப்பமாகி அடங்கிவிடும். பஞ்சு மட்டும் வைத்தால் ‘தொம் தொம்’ அப்படியே இருக்கும், அறை மட்டும் வைத்தால் ‘சர்ர்’ தப்பிவிடும். அதனால் இரண்டையும் ஒரே உருளைக்குள் வைக்கப் போகிறோம். முன்னால் அறை, பின்னால் பஞ்சு.

முதலில் அளந்து பாருங்கள்

இன்ஜினைத் திறந்தவெளியில் ஓடவிடுங்கள். குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், குழாயின் நேர்கோட்டுக்கு 45 டிகிரி பக்கவாட்டில் செல்போனைப் பிடித்து டெசிபல் செயலியில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் அதே போன், அதே இடம், அதே வேகம் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். அலைவெண் வரைபடம் காட்டும் செயலி இருந்தால் எந்த இடத்தில் முகடு எழும்புகிறது என்பதையும் குறித்துவையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அப்புறம் கசிவு. சிலிண்டர் ஹெட்டில் குழாய் சேரும் கேஸ்கெட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல சைலன்சர் போட்டாலும் வீண். கேஸ்கெட் மாற்றியதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதும் உண்டு.

தேவையான பொருட்கள்

இங்கே சொல்லும் அளவுகள் 25 மி.மீ. உள்விட்டமுள்ள புகைக்குழாய்க்கும், சுமார் 100 முதல் 200 சி.சி. வரையுள்ள இன்ஜினுக்கும் பொருந்தும். இருக்கிற சைலன்சரைக் கழற்ற வேண்டாம், அதன் பின்னால் இதை இரண்டாவதாகப் பொருத்துங்கள். பழையதில் தீப்பொறி தடுக்கும் வலை இருந்தால் அதையும் எடுக்காதீர்கள்.

வெளி உருளைக்கு 75 மி.மீ. உள்விட்டம், 500 மி.மீ. நீளமுள்ள குழாய். உள்ளே வர 28 மி.மீ. வெளிவிட்டம், 25 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாய். 3 மி.மீ. தடிமனில் மூன்று வட்டத் தகடுகள். ஓட்டைத் தகடு 1.5 மி.மீ. தடிமனில், 3 மி.மீ. ஓட்டைகள், ஓட்டை மையங்களுக்கு இடையே 5 மி.மீ., வரிசைகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறியிருக்க வேண்டும். இப்படி இருந்தால் தகட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திறந்திருக்கும், அது போதுமானது. டிரில்லால் நாமே போடலாமே என்று நினைத்தால், 300 மி.மீ. நீளத்துக்கு ஆயிரத்துக்கு மேல் ஓட்டைகள் வரும். தயார் தகடு வாங்குவதே மேல்.

எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நல்லது. சாதா இரும்பும் சில காலம் உழைக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம், வெல்டிங்கின்போது கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். பஞ்சுக்கு நீண்ட இழை கிளாஸ் வூல், சைலன்சருக்கென்றே விற்பது. கட்டடங்களில் வெப்பம் தடுக்க வைக்கும் மஞ்சள் பஞ்சில் பசை கலந்திருக்கும், சூட்டில் அது எரிந்து நாறும். அதோடு கொஞ்சம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வூல். மரவேலைக்குப் பயன்படும் சாதா ஸ்டீல் வூல் சூட்டிலும் ஈரத்திலும் உதிர்ந்துபோகும். பழைய சரக்கு என்று யாராவது ஆஸ்பெஸ்டாஸ் கயிறு கொடுத்தால் கையால்கூடத் தொடாதீர்கள்.

அறையைக் கட்டுதல்

உருளையின் முதல் 200 மி.மீ. நம் அறை. முன் தகட்டின் நடுவில் 28 மி.மீ. ஓட்டை போட்டு உள்வரும் குழாயைச் செருகுங்கள். அதைத் தகட்டோடு நிறுத்திவிடாமல் அறைக்குள் 100 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். எதிர்ப்பக்கம் வெளியேறும் குழாயும் 50 மி.மீ. அறைக்குள் நீட்ட வேண்டும். இரண்டு வாய்களுக்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி இருக்கும்.

இந்த நீட்டல் எதற்கு? வெற்று அறைக்கு ஒரு குறை உண்டு. அலைநீளத்தில் (ஒலியின் வேகத்தை ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் வரும் நீளம்) கால்பங்கு அறையின் நீளத்துக்குச் சமமாகும் ஒலியை அது நன்றாக மடக்கும். அரைப்பங்கு சமமாகிவிட்டால் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடும். சூடான புகையில் ஒலி வேகமாகப் போகும். 300 டிகிரி செல்சியஸில் நொடிக்கு சுமார் 480 மீட்டர். அப்படியானால் 200 மி.மீ. அறை 600 ஹெர்ட்ஸில் அருமையாக வேலை செய்யும், 1200-ல் கோட்டை விடும், 2400-லும் அதே கதை. அறையின் நீளத்தில் பாதி அளவுக்கு ஒரு குழாயை உள்ளே நீட்டினால் அதைச் சுற்றியுள்ள இடம் 1200 ஹெர்ட்ஸை விழுங்கும் பொந்தாகிவிடும். கால் அளவு நீட்டிய மறுபக்கம் 2400-ஐ விழுங்கும். கூடுதல் செலவில்லை, புகைக்குத் தடையும் இல்லை, ஒலி தப்பும் வழிகள் தாமாக அடைபடுகின்றன. சைலன்சர் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குழாயைத் தகட்டோடு வெட்டி வெல்டிங் அடித்துவிட்டு “அறை வைத்தும் பலனில்லை” என்பவர்கள் பெரும்பாலும் தவறவிட்டது இதைத்தான்.

இன்னொன்று விட்டம். 25-க்கு 75 என்றால் பரப்பில் 9 மடங்கு. கணக்குப்படி 600 ஹெர்ட்ஸில் 13 டெசிபல் வரை குறையும், 200-ல் ஏறக்குறைய 8, 100-ல் 4-க்கும் கீழே. உருளையை 50 மி.மீ. விட்டத்தில் செய்தால் பரப்பு 4 மடங்குதான், அதிகபட்சம் 6.5 டெசிபலோடு நின்றுவிடும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போலிருக்கும் என்பதை வைத்துப் பார்த்தால், அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பது புரியும்.

முன் தகட்டை உருளையோடு சுற்றிலும் இடைவெளியில்லாமல் வெல்டிங் செய்யுங்கள். ஆறியதும் உள்வரும் குழாயின் வாயை அடைத்துத் தண்ணீர் ஊற்றினால் கசிவு தெரிந்துவிடும். அறையின் அடிப்பக்கத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் பிறக்கிறது. இன்ஜின் சூடேறும் வரை அதில் ஒரு பகுதி சைலன்சருக்குள் தேங்கும், வடிய வழியில்லை என்றால் துரு உள்ளிருந்தே அரித்துவிடும்.

பஞ்சுக் குழல்

ஓட்டைத் தகட்டை 83 மி.மீ. அகலம், 300 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். ஓட்டை அடித்த தகட்டில் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பிசிராகவும் இருக்கும், விரலை லேசாக ஓட்டினாலே தெரியும். வழவழப்பான பக்கம் குழலுக்குள் வரும்படி 25 மி.மீ. கம்பியைச் சுற்றி வளையுங்கள். பிசிர் உள்ளே இருந்தால் வேகமாகப் போகும் புகை அதில் மோதிச் சீழ்க்கை அடிக்கும். விளிம்புகள் சேரும் இடத்தில் சில புள்ளி வெல்டிங் போதும்.

நடுத் தகட்டை 74 மி.மீ. விட்டத்தில் வெட்டி, அதன் ஓட்டையில் 50 மி.மீ. நீளச் சாதாக் குழாயை முன்பக்கமும் ஓட்டைக் குழலைப் பின்பக்கமும் சேர்த்து வெல்டிங் செய்யுங்கள். பின் தகடு குழலின் கடைசியில், ஒரு சிறு வால்குழாயோடு. நடுத் தகட்டை உருளையோடு ஒட்டவே கூடாது. உள்ளே இருக்கும் குழல் வெளி உருளையைவிட அதிகம் சூடாகும். 300 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குழல் 400 டிகிரி சூடேறினால் 2 மி.மீ. நீளும். இரண்டு முனையையும் கட்டிவிட்டால் நீள இடமில்லாமல் வெல்டிங் வெடிக்கும். பின் தகட்டை மட்டும் மூன்று எம்6 போல்ட்டால் உருளையோடு பிடியுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் முழுக் குழலையும் உருவி எடுக்கலாம்.

இப்போது கையுறை, கண்ணாடி, மூக்குக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கிளாஸ் வூல் இழை தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகக் கூடாது. ஓட்டைக் குழலின் மேல் முதலில் ஸ்டீல் வூல் ஒரு சுற்று. புகையின் துடிப்பு பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டு போகாமல் அது காக்கும். அதன் மேல் கிளாஸ் வூல். நமக்குள்ள இடம் சுமார் 1.1 லிட்டர், லிட்டருக்கு 120 கிராம் வீதம் 130 கிராம் எடுங்கள். தராசில் நிறுத்துப் போடுவது நல்லது. கைபோன போக்கில் திணித்தால் பெரும்பாலும் அதிகமாகிவிடும். இறுகிய பஞ்சுக்குள் ஒலி நுழையாமல் சுவரில் பட்டது போலத் திரும்பிவிடும், தளர்வாக இருந்தால் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். பருத்தி நூலால் சுற்றிக் கட்டி உருளைக்குள் தள்ளுங்கள். நூல் முதல் ஓட்டத்திலேயே எரிந்து பஞ்சு விரிந்து உட்கார்ந்துகொள்ளும். போல்ட்டுகளை முடுக்குங்கள்.

பொருத்தி ஓட்டிப் பார்த்தல்

புகைக்குழாயின் முனையில் இந்தப் பாரத்தை வெறுமனே தொங்கவிடாதீர்கள், அதிர்வில் விரிசல் விழும். ஒரு தாங்கி கொடுங்கள், அதையும் இன்ஜினிலேயே பொருத்துங்கள். சட்டத்தில் பொருத்தினால், ரப்பர் தாங்கியில் ஆடும் இன்ஜின் ஒரு பக்கமும் ஆடாத சட்டம் ஒரு பக்கமும் இழுத்துக் குழாயை உடைத்துவிடும்.

திறந்தவெளியில் மட்டும் ஓட்டுங்கள். சத்தம் குறைந்துவிட்டதே என்று வீட்டுக்குள்ளோ கொட்டகைக்குள்ளோ கொண்டு போகவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

முதல் பத்து நிமிடம் லேசான புகையும் தீய்ந்த வாசனையும் வரும், அது நூல். பிறகு முழுச் சுமையில் ஓட்டுங்கள். முன்பு இழுத்த சுமையை அதே வேகத்தில் இழுக்கிறதா? ஸ்பார்க் பிளக் புதிதாகக் கரி பிடிக்கிறதா? இழுவை குறைந்திருந்தால் எங்கோ குழாய் குறுகியிருக்கிறது. கழற்றி வால்குழாய் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள், முன் வாய் வரை நேராகத் தெரிய வேண்டும்.

சரி, அளவும் எடுத்தாயிற்று. ‘சர்ர்’ போய் ‘தொம் தொம்’ மட்டும் மிச்சம் என்றால் அறை போதவில்லை. அடுத்த முறை அதை நீளமாகவும் அகலமாகவும் செய்யுங்கள். ஜெனரேட்டர் போல ஒரே வேகத்தில் ஓடும் இன்ஜினில் ஒரே ஒரு தொனி மட்டும் இரைந்துகொண்டிருந்தால் கிளைக்குழாய் கைகொடுக்கும். புகைக்குழாயின் பக்கத்தில் ஒரு கிளை, அதன் மறுமுனை அடைப்பு. செயலியில் முகடு 200 ஹெர்ட்ஸில் என்றால், 480-ஐ 200-ன் நான்கு மடங்கால் வகுக்க 60 செ.மீ. நீளம் வரும். ஆனால் கிளைக்குள் புகை ஓடாமல் நிற்பதால் ஆறிப்போகும், ஒலியின் வேகமும் குறையும், தேவையான நீளம் இன்னும் குறையும். 150 டிகிரியில் அது 51 செ.மீ.க்கு அருகே வந்துவிடும். அதனால் 60 செ.மீ. குழாயை வைத்து உள்ளே நகரும் அடைப்பு ஒன்று போடுங்கள். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஒரு செ.மீ. தள்ளி, மறுபடி சூடேறும் வரை ஓட்டிக் கேளுங்கள். தொனி விழும் இடம் வந்ததும் அடைப்பை அங்கேயே நிரந்தரமாக வெல்டிங் செய்துவிடலாம்.

சில மாதம் கழித்து ‘சர்ர்’ மெல்லத் திரும்பினால் பஞ்சு கரைந்துவிட்டது என்று பொருள். மூன்று போல்ட்டைக் கழற்றிக் குழலை உருவுங்கள். ஓட்டைகளில் படிந்த கரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஸ்டீல் வூல் நன்றாக இருந்தால் அப்படியே விட்டு, புதுப் பஞ்சை நிறுத்துச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். வடிகால் ஓட்டை அடைந்திருந்தால் அதையும் அப்போதே குத்திவிடுங்கள்.