வினவல் நிபந்தனையில் மதிப்புக்கென்று ஒரு தனி வகை: பைத்தானில் செய்முறை விளக்கம்

ஆம்பூரில் உள்ள ஒரு தோல் கிடங்கிற்காக, வேலூரில் இருந்தபடியே நான் எழுதிக் கொடுத்த இருப்புக் கணக்கு நிரலில், 'வேலூர் மாவட்டம் அல்லாத வியாபாரிகள்' என்ற பட்டியல் பல மாதங்களாகக் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. பிழைச் செய்தி எதுவும் வராததால் எனக்கும் தெரியவில்லை. கணக்கர் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலின் முடிவில், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் வினவலுக்கான நிரலிடைமுகத்தையே (ஏபிஐ) மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அதை இங்கே படிப்படியாகத் தருகிறேன். பைத்தானும் எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தளமும் உங்கள் கணினியில் இருக்கின்றன, செலக்ட் வாக்கியம் எழுதத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மூன்று கிளாஸ்கள்

புலம் (அட்டவணையின் நெடுவரிசை), மதிப்பு, நிபந்தனை என்று மூன்று கிளாஸ்களை எழுதுங்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் நான் இந்தப் பெயர்களையே வைத்தேன். நிபந்தனை என்பது இரண்டு பொருள்களைத் தாங்கும்: கேள்விக்குறி இட்ட வாக்கியத் துண்டு ஒன்று, அந்தக் கேள்விக்குறிகளுக்கு உரிய மதிப்புகளின் டியூபிள் (மாற்ற முடியாத பட்டியல்) ஒன்று. ஆகவே,

புலம்("மாவட்டம்").சமம்("வேலூர்")

என்று எழுதினால் "மாவட்டம் = ?" என்ற துண்டும், ("வேலூர்",) என்ற டியூபிளும் கிடைக்க வேண்டும். மதிப்பை வாக்கியத்தோடு ஒட்டி எழுதவே கூடாது. அப்படி ஒட்டினால், ஒரு கடைப் பெயரில் ஒற்றை மேற்கோள் குறி இருந்தாலே வினவல் உடைந்துவிடும், கெட்ட எண்ணத்தோடு ஒருவர் தட்டச்சு செய்தால் தரவே போய்விடும். புலத்தின் பெயரைக் கேள்விக்குறியாக அனுப்ப முடியாது என்பதால், அட்டவணையில் உள்ள பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இல்லாத பெயரைப் புலம் கிளாஸ் உடனே மறுக்கட்டும்.

படி 2: மதிப்பு எவற்றை ஏற்கும்

உரை, முழு எண், தேதி, டெசிமல் (பதின்ம எண்) ஆகிய நான்கை மட்டும் ஏற்கச் செய்தேன். எஸ்கியூலைட் தொகுதி டெசிமலை நேரடியாக வாங்காது. எனவே விலையைப் பைசாவாகவும், சதுர அடியை நூறால் பெருக்கியும் முழு எண்ணாகவே சேமிக்கிறேன். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற உரையாக நீங்களே மாற்றி அனுப்புங்கள், ஏனெனில் பைத்தான் தானாகச் செய்துவந்த மாற்றத்தை 3.12 பதிப்பிலிருந்து கைவிடத்தக்கது என்று அறிவித்துவிட்டார்கள். ட்ரூ, ஃபால்ஸ் இரண்டையும் பைத்தான் முழு எண்ணின் உள்வகையாகவே கருதும் என்பதால், அவற்றைத் தடுக்க விரும்பினால் முழு எண் சோதனைக்கு முன்பாகவே தடுக்க வேண்டும்.

படி 3: இல்லாத மதிப்பு

என்னைத் தடுக்கி விழச் செய்த இடம் இதுதான். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. வாணியம்பாடி, வாலாஜாபேட்டை வியாபாரிகள் எல்லாரும் பழைய பதிவில் 'வேலூர்' என்றே இருந்ததால், மாவட்டப் புலத்தை வெறுமையாக்கிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டு நிரப்பி வந்தார்கள். நிரப்பாமல் விடுபட்டவர்களின் புலத்தில் நல் (NULL), அதாவது 'மதிப்பு இல்லை' என்ற குறி, நின்றது.

எஸ்கியூஎல்லில் ஒப்பீட்டுக்கு மெய், பொய், அறியப்படாதது என்று மூன்று விடைகள் உண்டு. நல்லை எதனோடு ஒப்பிட்டாலும் மூன்றாவது விடைதான் வரும். வினவலில் நிபந்தனையைத் தாங்கும் வேர் (WHERE) பகுதியோ மெய் என்று வந்த வரிசைகளை மட்டுமே உள்ளே விடும். ஆகவே "மாவட்டம் <> ?" என்று கேட்டபோது, மாவட்டம் நிரப்பப்படாத வியாபாரிகள் 'வேலூர்' பட்டியலிலும் வரவில்லை, 'வேலூர் அல்லாத' பட்டியலிலும் வரவில்லை. சமம் என்ற நிபந்தனைக்கு முன் நாட் (NOT) சேர்த்துப் பார்த்தேன். அறியப்படாததன் எதிர்மறையும் அறியப்படாததே என்பதால் அதுவும் உதவவில்லை.

இதை ஒவ்வொரு வினவலிலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. நிரலிடைமுகமே பொறுப்பேற்க வேண்டும். சமமன்று என்ற மெத்தட் எஸ்கியூலைட்டில் "மாவட்டம் இஸ் நாட் ?" (IS NOT) என்ற துண்டைத் தரட்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர் அதே இடத்தில் 'இஸ் டிஸ்டிங்ட் ஃபிரம்' (IS DISTINCT FROM) என்று எழுத வேண்டும். வெறுமையானவற்றைத் தேடுவதற்கு வெறுமை() என்று தனி மெத்தட் வையுங்கள்.

சமம் மெத்தடுக்கு, பைத்தானில் 'மதிப்பு இல்லை' என்பதைக் குறிக்கும் நன் (None) வந்தால் என்ன செய்வது? ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகம் அதை 'இஸ் நல்' (IS NULL) என்று தானே மாற்றிக்கொள்கிறது. நான் அதை ஏற்கவில்லை, பிழை எழுப்புகிறேன். கிடங்கில் நன் வருவது பெரும்பாலும் படிவத்தில் ஒருவர் கட்டத்தை நிரப்ப மறந்ததால்தான். அந்த மறதியை ஒரு கேள்வியாகப் பொருள்கொண்டு விடை கொடுப்பது ஆபத்தானது.

படி 4: நிபந்தனைகளை இணைத்தல்

இரண்டு நிபந்தனைகளை இணைக்கும்போது துண்டுகளை அடைப்புக்குறிக்குள் இட்டு 'ஆண்ட்' சேர்த்து, டியூபிள்களை அதே வரிசையில் கூட்டினால் போதும். பலர் இரட்டைச் சமக்குறியையும் & குறியையும் மாற்றி வரையறுத்து அழகாக எழுதுகிறார்கள். பைத்தானில் & குறி ஒப்பீட்டைவிட முந்திச் செயல்படுவதால், அடைப்புக்குறி ஒன்றை விட்டாலும் பொருள் மாறிவிடும்; ஆகவே தொடங்குவோருக்கு .சமம்(), .உம்() என்ற பெயருள்ள மெத்தட்களையே பரிந்துரைக்கிறேன். ஒரு பட்டியலில் உள்ளதா என்று கேட்கும் மெத்தடுக்கு வெற்றுப் பட்டியல் வந்தால், எப்போதும் பொய்யாகும் "1 = 0" என்ற துண்டைக் கொடுங்கள்; வெற்று அடைப்புக்குறியை எஸ்கியூலைட் பொறுத்துக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் ஏற்காது.

பின்சேர்க்கை: சோளிங்கர் என்று தேடினால் சில வரிசைகள் மட்டும் வருவதில்லை என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். 'சோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் எனப் பிரித்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, எஸ்கியூலைட்டுக்கு வெவ்வேறு. 'தோல்' என்ற சொல்லுக்கும் இதே சிக்கல் உண்டு. பைத்தான் நிரலில் வரும் பெயர்களைத் தானே ஒருமைப்படுத்திக்கொள்ளும், ஆனால் உரை மதிப்புகளைத் தொடாது. எனவே மதிப்பு கிளாஸின் தொடக்கத்திலேயே ஒவ்வோர் உரையையும் யூனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியின் நார்மலைஸ் செயற்கூற்றால், ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே சேமித்த வரிசைகளையும் ஒருமுறை அதே வடிவத்துக்கு மாற்றி எழுதிய பிறகே தேடல் முழுமையாகும்.