சிற்றலை கேட்கும் காதுக்கு ஒரு சோப்பு டப்பா

காவேரிப்பட்டணம் பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவில் வீடு. ராத்திரி சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோவில் 31 மீட்டர் பேண்டில், அதாவது 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை, மெல்ல நகர்த்திக்கொண்டே ஏதாவது தூரத்து நிலையத்தைத் தேடுவேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். வால்யூமை ஏற்றுவேன். அந்த நேரம் பார்த்து மும்முனை கரண்ட் வரும், பக்கத்துத் தோட்டத்து மோட்டாரின் ஆட்டோ ஸ்டார்ட்டர் விழும், ஹெட்போனில் ‘டமார்’. ஒரு தடவை இரண்டு நாளைக்கு வலது காதில் ஙொய் என்ற சத்தம் நிற்கவே இல்லை. சித்திரை, வைகாசியில் கோடை இடி வேறு.

அதற்குப் பிறகு செய்ததுதான் இந்த டப்பா. வெடிச்சத்தத்தை ஒரு அளவோடு நிறுத்தும். கீச்சென்ற இரைச்சலையும், அடியில் ஓடும் 100 ஹெர்ட்ஸ் ‘உம்’மையும் குறைக்கும். பேட்டரி வேண்டாம்.

வாங்க வேண்டியவை

1என்5819 டயோடு இரண்டு, 47 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று, 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, 22 மைக்ரோஃபாரட் இரண்டு (எல்லாம் 25 வோல்ட்), 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின் ஒன்று, அதே அளவில் சாக்கெட் ஒன்று, கொஞ்சம் ஒயர், பழைய சோப்பு டப்பா. டிவி ரிப்பேர் கடையில் சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள். டயோடில் மட்டும் கவனம்: “இது இல்ல, 4007 எடுத்துக்கோங்க, அதுவும் டயோடுதான்” என்பார்கள். 4007 சுமார் 0.7 வோல்ட் வரை சத்தத்தை விட்டுவிடும். 5819 ஷாட்கி வகை, 0.3 வோல்ட் பக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும். காதுக்குப் போகும் சக்தியில் இது ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். மல்ட்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துப் பாருங்கள். 5819 என்றால் 150 முதல் 250 வரை காட்டும், 4007 என்றால் 500-க்கு மேல்.

இணைக்கும் முறை

முதலில் கெப்பாசிட்டர்கள். இரண்டு 22-ஐ எடுத்து மைனஸ் காலோடு மைனஸ் காலைச் சேர்த்து சால்டர் செய்யுங்கள். இனி அது பிளஸ் மைனஸ் பார்க்காத 11 மைக்ரோஃபாரட். இரண்டு 10-ஐயும் அப்படியே சேர்த்தால் 5 கிடைக்கும்.

ரேடியோவுக்குப் போகும் பின்னின் நுனியிலிருந்து ஒரு ஒயர். அது 22 ஜோடி வழியாக, பிறகு 47 ஓம் வழியாக, சாக்கெட்டுக்கு வரட்டும். சாக்கெட்டில் இடது, வலது இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள், இரண்டு காதிலும் கேட்கும். பின்னின் நடு வளையத்தை எதோடும் சேர்க்காமல் விடுங்கள். மோனோ பின் போட்டால், ஸ்டீரியோ ரேடியோவில் வலது பக்க வெளியீடு ஷார்ட் ஆகும். அதனால்தான் ஸ்டீரியோ பின் கேட்டேன். கிரவுண்டு ஒயர் பின்னிலிருந்து சாக்கெட்டுக்கு நேராகப் போகும்.

சாக்கெட்டின் சேர்த்த காலுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 10 ஜோடியை வையுங்கள். அதே இடத்தில் இரண்டு டயோடுகள்: ஒன்றின் வெள்ளிக் கோடு சேர்த்த கால் பக்கம், மற்றதன் கோடு கிரவுண்டு பக்கம். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் சத்தத்தின் பாதி அலைக்குத்தான் காவல், மறு பாதி தாராளமாக உள்ளே வரும்.

கணக்கு எங்கே தப்பும்

முதல் தடவை 100 ஓம், 0.47 மைக்ரோஃபாரட் என்று போட்டேன். அதற்கு மேலுள்ள கீச்சொலி வெட்டுப்படும் எல்லை காகிதத்தில் 3400 ஹெர்ட்ஸ் வந்தது, காதில் ஒரு மாற்றமும் இல்லை. ஹெட்போனையே கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன். 32 ஓம் ஹெட்போனின் இரண்டு பக்கமும் சேர்ந்தால் 16 ஓம். அது 47 ஓமுக்கு இணையாக நின்றால் கெப்பாசிட்டர் பார்ப்பது வெறும் 12 ஓம். 12 ஓமும் 5 மைக்ரோஃபாரடும் சேர்ந்து சுமார் 2650 ஹெர்ட்ஸில் வெட்டும். பேச்சுக்கு இது போதும், பாட்டு கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். கீழ்ப்பக்கம் 47, 16 இரண்டையும் கூட்டி 63 ஓம், அதோடு 11 மைக்ரோஃபாரட், சுமார் 230 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள ‘உம்’ குறையும். உங்கள் ஹெட்போன் வேறு ஓம் என்றால் இந்த எண்கள் மாறும்.

சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால் பக்கத்து நிலையத்தின் விசில் அந்த 5 கிலோஹெர்ட்ஸ் சுருதியில்தான் கேட்கும். இந்த டப்பா அதைப் பாதிக்கும் கீழே இறக்கும், முழுசாகத் துடைக்காது.

சோதனை

ஹெட்போனைக் காதில் போடாதீர்கள். மேஜைமேல் வைத்து, வால்யூமை முழுசாக ஏற்றி, நிலையமில்லாத இடத்தில் இரைய விடுங்கள். டப்பா இல்லாமலும் இருந்தும் மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். டப்பாவோடு கேட்கும்போது சாதாரணச் சத்தமே கால் பங்காகிவிடும், அதனால் ரேடியோவில் வால்யூமைக் கூட்ட வேண்டியிருக்கும். குரல் கரகரப்பாக உடைந்தால் டயோடு பிடிக்கிறது என்று அர்த்தம். சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மின்னலுக்கு இந்த டப்பா காவல் இல்லை. தூரத்தில் வெட்டத் தொடங்கியதுமே வெளி ஆன்டெனா ஒயரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறேன்.