கடல்நீர் புகுந்த தீவுக் கிணறு: அவசரப்பட்டு இறைக்காதீர்கள்

புயல் அலையோ சுனாமியோ கிணற்றைக் கடல்நீரால் நிரப்பிவிட்டால், மோட்டாரைப் போட்டு ஒட்ட இறைத்துவிடலாம் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். சிறு தீவில் அந்த வேகமே கிணற்றைக் கெடுக்கும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் திரும்பத் திரும்ப இறைத்தும் பல கிணறுகளில் உப்பு இறங்கவில்லை. பிறகு பெய்த மழைதான் அதைக் கழுவியது.

காரணம் எளிது. தீவின் மண்ணுக்குள் நல்ல தண்ணீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அது 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டால், 10 செ.மீ. மட்டத்தை இறக்கும்போது அடியிலுள்ள உப்புநீர் 4 மீட்டர் மேலேறப் பார்க்கும். இரண்டும் கலந்த பட்டை நடுவில் இருப்பதால் உண்மையில் குடிக்கத் தக்க அடுக்கு இன்னும் மெல்லியது.

1. முதலில் மாற்றுத் தண்ணீர்

குடிக்க, சமைக்க, கை கால் கழுவ ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7.5 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் கிடைத்தால் நல்லது. இதற்கு வழி செய்த பிறகே கிணற்றைப் பாருங்கள். உப்புநீரைக் கொதிக்க வைப்பதில் பயனில்லை. நீர் ஆவியாகி, மிஞ்சுவது முன்னைவிட அதிகமாகக் கரிக்கும்.

2. உள்ளே இறங்காமல் சுத்தம்

உறைக்கு வெளியே மண் அரித்திருக்கிறதா, உறை விலகியிருக்கிறதா என்று பாருங்கள். மிதக்கும் குப்பை, செத்த பிராணிகளை நீண்ட கழியில் கட்டிய வலையால் எடுக்கலாம். ஊறிய மணலில் கிணற்றை ஒட்ட இறைத்தால் வெளி அழுத்தம் உறையை உள்ளே தள்ளிச் சரித்துவிடக்கூடும். இறங்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும். காற்றோட்டமில்லாத கிணற்றில் விஷவாயு வேறு தேங்கியிருக்கலாம்.

3. உப்பை அளப்பது

நாக்கை நம்ப வேண்டாம், நீரில் கரைந்திருக்கும் உப்பை எண்ணாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். மேல்மட்டத்தில் ஒன்று, அடியில் ஒன்று என இரண்டு மாதிரிகள் எடுங்கள். கனமான உப்புநீர் அடியில் தங்குவதால் மேல்வாளித் தண்ணீர் ஏமாற்றும். அடிநீருக்கு, கல் கட்டிய பாட்டிலின் மூடியில் தனிக்கயிறு கட்டி இறக்கி, அடியில் போனதும் மூடியைச் சுண்டி இழுத்தால் போதும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மி.கி. உப்பு உண்டு. மலிவு மீட்டர்கள் 10,000 எட்டுமுன்பே நின்றுவிடும். அப்போது ஒரு பங்கு கிணற்று நீரில் ஒன்பது பங்கு சுத்தமான மழைநீர் கலந்து அளந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

4. ஒரே ஒரு முறை, மெதுவாக

கிணற்றுக்குள் நிற்கும் கடல்நீரை மட்டும் வாளியாலோ சிறு பம்பாலோ எடுங்கள். ஊறி வரும் தண்ணீரும் அதே அளவு கரித்தால் நிறுத்திவிடுங்கள். மேலும் இறைப்பது அடியிலிருக்கும் உப்பை அழைத்து வருவதுதான். எடுத்த நீரைக் கிணற்றடியில் கொட்டினால் மணல் வழியே திரும்பி வரும். குழாய் வைத்துக் கடலுக்கே விடுங்கள். பலர் மறப்பது சுற்றியுள்ள பள்ளங்களை. அங்கே தேங்கிய கடல்நீர் நாள்கணக்கில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். வாய்க்கால் வெட்டி அதை வடித்தால் கிணற்றை இறைப்பதைவிட அதிகப் பலன்.

5. குளோரின் கிணற்றில் அல்ல, டிரம்மில்

வழக்கமான வெள்ளத்துக்குப் பின் கிணற்றிலேயே குளோரினை அள்ளிப் போட்டு, பிறகு முழுக்க இறைப்பார்கள். இங்கே அந்த இறைப்புதான் ஆகாதே. ஆகவே, உப்பு குறைந்த பிறகு எடுக்கும் நீரை டிரம்மிலேயே சுத்திகரியுங்கள். 33% குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 30 கிராமை, பிளாஸ்டிக் பாத்திரத்தில் 1 லிட்டர் நீரில் கரைத்துத் தெளியவிட்டால் சுமார் 1% கரைசல் கிடைக்கும். மேல்தெளிவில் 4 மி.லி. 20 லிட்டருக்கு, 40 மி.லி. 200 லிட்டருக்கு. அரை மணி நேரம் கழித்துச் சோதனைப் பெட்டியில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி. காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்னொரு மடங்கு சேர்த்து மீண்டும் அரை மணி நேரம் விடுங்கள். கலங்கல் நீரை முதலில் தெளியவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். கடலோர ஈரத்தில் திறந்து கிடந்த மூட்டை வீரியம் இழந்திருக்கும். அளவு சரியாக இருந்தும் சோதனை தேறாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

6. மழை

1 ச.மீ. கூரையில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 40 ச.மீ. கூரையில் 10 மி.மீ. பெய்தால், சேதாரம் போக 320 லிட்டர் தேறும். புயலுக்குப் பின் கூரையில் உப்பு படிந்திருக்கும், முதல் 40 லிட்டரைத் தனியே விடுங்கள். தொட்டி நிரம்பி வழிவது கிணற்றருகே ஒரு உறிஞ்சுகுழிக்குப் போகட்டும். நேரே கிணற்றுக்குள் விட்டால் கூரை அழுக்கும் சேர்ந்து இறங்கும்.

7. எப்போது குடிக்கலாம்

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், இறைப்பதற்கு முன் அளந்து எழுதுங்கள். உப்பு லிட்டருக்கு 600 மி.கி.க்குக் கீழே இருந்தால் சுவை நன்றாக இருக்கும். 1,000-ஐத் தாண்டினால் குடிப்பது சிரமம். கைக்குழந்தையின் பால்மாவுக்கும் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் அதற்கு முன்பே மாற்று நீர் வேண்டும். எண் இறங்கி மறுபடி ஏறினால், யாரோ அதிகமாக இறைக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். பம்பின் உறிஞ்சுகுழாயை மிதவையில் கட்டி மேல்மட்டத்திலிருந்து ஒரு சாண் கீழே மட்டும் நிறுத்துங்கள். ஒரே கிணற்றில் மொத்தமாக எடுக்காமல் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுங்கள்.