முள் இறங்கினால் மகிழாதீர்கள்: பழைய காரில் வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஜி.எஸ்.டி. சாலையில் ஊரப்பாக்கத்தை நெருங்கும்போது, இடது ஓரத்தில் ஓர் இளைஞர் காரின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை, கையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில், எதிரே ஆவி விட்டுக்கொண்டிருந்த என்ஜின். நான் என் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் போவதற்குள் அவர் பானட்டை மூடிவிட்டார். “முள் ஃபுல்லா மேலே போய் நின்னுச்சு அண்ணா, இப்ப தானாவே கீழே இறங்கிடுச்சு. தாம்பரம் வரைக்கும் போயிடலாம்ல?” என்று கேட்டார்.

பல ஆண்டுகளுக்கு முன் இதே சாலையில், இதேபோல் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் இறங்கியதைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிக்கு நான் கொடுத்த விலை 28,000 ரூபாய்.

செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு நாள்தோறும் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் போய், அதே அளவு திரும்பி வருகிறவன் நான். இதுவரை மூன்று கார்கள் வைத்திருந்திருக்கிறேன். மூன்றும் பிறர் ஓட்டிக் களைத்த பிறகு என்னிடம் வந்தவை. மூன்றும் ஏதோ ஒரு நாளில் ஏதோ ஓர் இடத்தில் என்னை நடுச்சாலையில் இறக்கிவிட்டவை. பெட்ரோல் தீரும்வரை ஓட்டுவது, காற்றில்லாத ஸ்டெப்னியோடு புறப்படுவது போன்றவற்றை ஒருமுறை பட்டாலே யாரும் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. பட்ட பிறகும் காரணம் புரியாமல் மீண்டும் செய்யப்படும் தவறுகளே என் கவலை.

ஹீட் ஆன வண்டியை ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டுவது

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மறைமலை நகர் சிக்னலில் நிற்கும்போது, வழக்கமாகப் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கும் டெம்பரேச்சர் முள் முக்கால் அளவுக்கு ஏறியிருப்பதைக் கவனித்தேன். ஏசியை நிறுத்தினேன். காலை ஒன்பதரைக்குள் அலுவலகத்தில் விரல் பதிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே மனத்தில் இருந்ததால் வண்டியை நிறுத்தவில்லை. பொத்தேரியில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கூடுவாஞ்சேரி வருவதற்குள் அது மெல்ல இறங்கிப் பாதிக்கு வந்து, பின்னர் பாதிக்கும் கீழே போயிற்று. சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நம்பி ஏசியைக்கூட மறுபடி போட்டுக்கொண்டேன். வண்டலூர் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்க மறுத்தது, என்ஜினில் ஒரு கடகடப்பு கேட்டது, அத்தோடு நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், கிளாம்ப் இறுக்கிய இடத்தில் வெடித்திருந்தது. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் முழுவதும் சாலையில் கொட்டிப் போயிருந்தது. வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் வற்றிவிட்டால் அது வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கிறது, உலோகத்தின் உண்மையான சூடு அதற்கு எட்டுவதில்லை. நம் வீடுகளில் இட்லிக் கொப்பரையின் அடியில் ஒரு காசைப் போட்டு வைப்பார்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை காசு தாளமிட்டுக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் கொப்பரை ஆறிவிட்டது என்று யாரும் எண்ணுவதில்லை, தண்ணீர் தீர்ந்து அடிப்பிடிக்கப் போகிறது என்று ஓடிப்போய் அடுப்பை அணைப்பார்கள். ஏறிய முள், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் காரணமில்லாமல் இறங்குவதும் பல நேரங்களில் அந்தக் காசு அடங்குவதைப் போன்றதுதான். சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் செய்தி ஸ்டீயரிங் பிடித்தவுடன் மறந்துவிடுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மெக்கானிக் ஆயில் ஸ்டிக்கை உருவி என்னிடம் காட்டினார். கறுத்திருக்க வேண்டிய ஆயில், பால் கலந்த டீயின் நிறத்தில் நுரைத்திருந்தது. கூலன்ட்டையும் ஆயிலையும் பிரித்து வைத்திருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மறுநாள் ஹெட்டைக் கழற்றித் துடைத்து, அதன் பரப்பின் மேல் ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்தார். இரு முனைகளிலும் ஒட்டியிருந்த ஸ்கேலுக்கு நடுவில் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் கசிந்தது. அலுமினிய ஹெட் அதீதச் சூட்டில் வளைந்துவிட்டால், புதிய கேஸ்கட் போட்டாலும் அது உட்காராது. லேத்துக்கு அனுப்பிப் பரப்பைச் சமன் செய்து, கேஸ்கட், போல்ட்டுகள், ஆயில், ஹோஸ் எல்லாம் மாற்றி வண்டி கைக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. மறைமலை நகரிலேயே நிறுத்தி டோயிங் வண்டியை அழைத்திருந்தால் ஹோஸின் விலையோடு சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். அந்த ஹோஸின் விலை 350 ரூபாய் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆகவே, உங்கள் வண்டியின் முள் வழக்கமாக எங்கே நிற்கும் என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் தாண்டினால் உடனே ஏசியை நிறுத்துங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை உச்சத்தில் வைத்து புளோயரை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். சென்னை வெயிலில் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான் என்பதால் என்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியேற்றிவிடும். அதிலிருந்தே இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம்: என்ஜின் சூடேறியிருக்க, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் இல்லை என்று பொருள். அப்போது ஓரம் தேடிக்கொண்டு போகக்கூட நேரமில்லை. அடுத்த சில நொடிகளில் ஒதுங்கி என்ஜினை அணைத்துவிட வேண்டும்.

அணைத்த பிறகு ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அந்த மூடி உள்ளே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விழ, அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். என் மெக்கானிக்கின் வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, மூடியின் மேல் துணி போட்டுச் சிறிது சிறிதாகத் திருப்பி, தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் வார்ப்பே விரிசல் விடக்கூடும். ஊற்றிய நீர் கீழே ஒழுகினால் மேற்கொண்டு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் டோயிங் வண்டிக்குச் சொல்லிவிடுங்கள்.

எப்போது ஹீட் ஆகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். சிக்னலில் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டவுடன் ஃபேன் சுற்ற வேண்டும், ஆகவே வாசலில் நின்றபடியே சோதித்துவிடலாம். வேகமாகப் போகும்போதுதான் ஏறுகிறது என்றால் அடைத்துப்போன ரேடியேட்டரையோ, குறைந்துபோன கூலன்ட்டையோ, தேய்ந்த வாட்டர் பம்பையோ பார்க்க வேண்டும்.

‘நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு?’ என்பதற்குத் தலையாட்டுவது

ஹீட் என்று போய் நின்றாலே, என்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் பலருக்கு உண்டு. வால்வு இறுகிப் போயிருந்தால் புதியது போட வேண்டுமே தவிர, இல்லாமல் ஓட்டக் கூடாது. ஏறக்குறைய 90 டிகிரியில் ஓடுவதற்காக வடிவமைத்த என்ஜின் அந்தச் சூட்டை எட்டாமலே ஓடும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஆயிலில் கசடு சேரும். சில என்ஜின்களில், சூடேறியதும் பக்க வழியை அடைத்துக் கூலன்ட் முழுவதையும் ரேடியேட்டருக்குத் திருப்பி விடுவதும் இதே வால்வின் வேலை. அதைக் கழற்றினால் ஒரு பங்கு கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவந்து, நெரிசலில் முன்பைவிட அதிகமாக ஹீட் ஆகும். காலையில் ஸ்டார்ட் செய்து பத்து பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகும் முள் அடியிலேயே கிடந்தால், முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ வால்வைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது அது திறந்தபடியே சிக்கியிருக்கிறது.

போர் தண்ணீர் ஊற்றுவதும் இதே வகைதான். உப்பு படிந்து, துருப்பிடித்து, ரேடியேட்டரின் நுண்குழாய்கள் அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஊற்றியது போகட்டும். வீடு சேர்ந்ததும் வடித்துவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள்.

வாங்கிய மறுநாளே வேலைக்கு எடுத்துக்கொண்டு புறப்படுவது

பழைய காரின் கிலோமீட்டர் மீட்டர் என்ன சொல்கிறது என்பதைவிட, அதிலுள்ள ரப்பர் எத்தனை ஆண்டு பழையது என்பதே முக்கியம். ஹோஸ்கள், ஃபேன் பெல்ட், டயர் எல்லாம் ஓடாமல் நின்றாலும் மூப்படைகின்றன. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் தேயாமல் பளபளக்கும் டயரைக் காட்டி விற்பவர் இந்த எண்ணைக் காட்டமாட்டார்.

உங்கள் என்ஜினில் பிஸ்டன்களையும் வால்வுகளையும் ஒத்து இயங்க வைப்பது டைமிங் செயினா, பெல்ட்டா என்று கேட்டறிவது இன்றியமையாதது. பெல்ட் என்றால், எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லாதவரை மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். பல என்ஜின்களில் அது ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி, மேலே சொன்ன 28,000 சிறு தொகையாகத் தோன்றும் அளவுக்குச் செலவு வைக்கும். முதல் இரண்டு வாரம் உள்ளூரில் மட்டும் ஓட்டி, தினமும் காலையில் வண்டி நின்ற இடத்தின் தரையைப் பாருங்கள். புதிய சொட்டு எதுவும் தன் நிறத்திலேயே தன் கதையைச் சொல்லிவிடும்.

பேட்டரி டவுன் ஆனதும் பேட்டரியை மாற்றுவது

புதிய பேட்டரி வாங்கிப் பத்தே நாளில் மறுபடி டவுன் ஆகி நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அருகிலும், என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையிலும் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் குற்றவாளி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோதான். அதற்கும் முன்னால், டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். பல காலை வேளைகளில் கோளாறு அவ்வளவுதான்.

தேங்கிய நீரில் அணைந்த வண்டிக்கு மறுபடி செல்ஃப் அடிப்பது

அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீரை அழுத்த முடியாமல், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். என்ஜினுக்கெனத் தனிப் பாதுகாப்புச் சேர்க்காத காப்பீட்டில் அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். தள்ளி வெளியே கொண்டுவாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்களில் பல, கழுவித் துடைக்கப்பட்டுப் பழைய கார் சந்தைக்கு வந்தன என்பதால், வாங்கும்போது சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். இருக்கை உறையை மாற்றியவர்கள்கூடப் பெல்ட்டின் அடி முனையில் படிந்த சேற்றுக் கோட்டை மறந்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு கோளாறுக்கும் ஒவ்வொரு பட்டறை

ஒரே மெக்கானிக்கிடம் போங்கள். சுமாரானவராக இருந்தாலும் உங்கள் வண்டியின் வரலாறு அவருக்குத் தெரிந்திருக்கும்.

காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்றாமல் ஓட்டுவது

வண்டி கைமாறிய 14 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

நின்ற காருக்குப் பின்னால் நின்று போன் பேசுவது

உயிர் போகும். முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நின்று, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033ஐ அழையுங்கள்.

தண்டவாளத்தை மறப்பது

என் பாதையில் எனக்கிருக்கும் பெரிய வசதி, செங்கல்பட்டிலிருந்து கிண்டி வரை சாலையை ஒட்டியே புறநகர் ரயிலும் ஓடுவதுதான். நல்ல கார் வந்த பிறகும் சீசன் டிக்கெட்டை நான் விட்டதில்லை. கையில் டிக்கெட் இருக்கும் நாளில், முள் ஏறியவுடன் வண்டியை நிறுத்த மனம் தயங்குவதில்லை. வழியே இல்லாத நாளில்தான் ‘இன்னும் கொஞ்ச தூரம்’ என்ற பேச்சு வருகிறது.

ஊரப்பாக்கத்து இளைஞரிடம் ஹீட்டரைப் போடச் சொன்னேன். குளிர்ந்த காற்று வந்தது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, ரயில் நிலையத்தில் அவரை இறக்கிவிட்டேன். மாலையில் டோயிங் வண்டி வைத்துக் காரை எடுத்துப் போனார். மேல் ஹோஸ் ஒன்று, கிளாம்ப் இரண்டு, கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆனதாகவும், ஆயில் ஸ்டிக் கறுப்பாகவே இருந்ததாகவும் இரவில் போன் செய்து சொன்னார்.