சங்கக் கிளை கரையாமல் பார்த்துக்கொள்வது எப்படி: டர்பன் ஆலைகளுக்கு 1920களின் அமெரிக்கக் கணக்கு

1920இல் அமெரிக்கத் தொழிற்சங்கங்களில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் இருந்தார்கள். 1933இல் 30 லட்சம்கூட இல்லை. 1921இன் மந்தத்தில் பலர் போனது சரி; அதன்பின் ஆலைகள் கொழித்த ஆண்டுகளிலும் ஆள் ஏன் திரும்பவில்லை? முதலாளிகள் அன்று கையாண்ட வழிகளில் சில தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அடைபட்டுவிட்டன. சில இன்னும் திறந்தே கிடக்கின்றன. டர்பனின் ஜேக்கப்ஸ், மொபெனி ஆலைப் பகுதிகளில் கிளை நடத்துகிறவர்கள் காவல் காக்க வேண்டியது அந்தத் திறந்த வழிகளைத்தான்.

முதலில் அடைபட்டது. ‘சங்கத்தில் சேரமாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு வேலை தருவது அங்கே வழக்கம். 1917இல் உச்ச நீதிமன்றமே அதைத் தாங்கிப் பிடித்தது. 1932இல் நாரிஸ்–லகார்டியா சட்டம் வந்துதான் அது செல்லாமல் போனது. இங்கே 1995ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம், 5ஆம் பிரிவு, அப்படிப்பட்ட ஒப்பந்த வரியை அடியோடு செல்லாததாக்குகிறது. ‘கையெழுத்துப் போட்டுவிட்டேனே’ என்று ஒதுங்கி நிற்பவரிடம் பேச்சை இதில் தொடங்குங்கள்.

இனி காகிதம். கிளைகள் பெரும்பாலும் இங்கேதான் சாகின்றன. ஒவ்வொரு உறுப்பினரிடமும் சம்பளத்தில் சந்தா பிடிக்க எழுத்துச் சம்மதம் வாங்குங்கள்: பெயர், அடையாள எண், பணியாளர் எண், பிரிவு, தேதி, கையெழுத்து. தேதி இல்லாத படிவத்தைப் பர்சனல் ஆபீஸ் திருப்பி அனுப்ப அது ஒன்றே சாக்கு. இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஆலைக்கு வெளியே வையுங்கள்.

அடுத்து, ஆலையில் சங்க உரிமைகள் கேட்டு நிர்வாகத்துக்கு அனுப்பும் கடிதம்; அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு. எந்த வேலையிடம், அங்கே உங்களுக்கு எத்தனை பேர், அதற்கு என்ன ஆதாரம், எந்தெந்த உரிமை கேட்கிறீர்கள் என்று எழுதி, சங்கப் பதிவுச் சான்றின் சான்றளித்த நகலை இணைக்க வேண்டும். நகலை மறந்தால் கடிதமே குறை. 30 நாளுக்குள் நிர்வாகம் உங்களைச் சந்தித்தாக வேண்டும். உடன்பாடு வராவிட்டால், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.விடம் போகலாம். சங்க ஆட்கள் ஆலைக்குள் நுழையவும் சந்தாப் பிடித்தத்துக்கும் போதிய ஆதரவு இருந்தால் போதும். ஷாப் ஸ்டூவர்டு, அதாவது ஆலைக்குள் சங்கப் பிரதிநிதி, வேண்டுமென்றால் பொதுவாகப் பாதிக்கு மேல் ஆள் வேண்டும்.

பிடித்த சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் சங்கத்துக்கு வரவேண்டும். கூடவே யாரிடம் பிடித்தார்கள் என்ற பட்டியலும், விலகல் கடிதங்களின் நகலும். அந்தப் பட்டியலை மாதாமாதம் பெயர் பெயராகச் சரிபாருங்கள். சென்ற மாதம் 84, இந்த மாதம் 79 என்றால் அந்த ஐந்து பேரை அந்த வாரமே தேடிப் போங்கள். பிரிவு மாறினார்களா, வேலை போயிற்றா, சூப்பர்வைசர் மிரட்டினாரா? மூன்று மாதம் விட்டால் பாதிக்குக் கீழே இறங்கியது உங்களுக்கு முன்னால் நிர்வாகத்துக்குத் தெரியும்.

நிர்வாகமே கூட்டும் குழு இன்னொரு ஓட்டை. 1920களின் நடுவில் அமெரிக்காவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி முதலாளி நடத்திய ‘பிரதிநிதித்துவத் திட்டங்களில்’ இருந்தார்கள். 1935 வாக்னர் சட்டம்தான் அதைத் தடுத்தது. கேன்டீன், குடிநீர் பற்றிப் பேசும் குழுவில் உட்காருவதில் தப்பில்லை. சம்பளம் என்ற சொல் வந்ததும் எழுந்து, ‘இது சங்கத்தோடு பேச வேண்டியது’ என்று குறிப்பேட்டில் எழுதவையுங்கள்.

பிரிவினை. 1919 எஃகு வேலைநிறுத்தத்தை 24 தொழில்வாரிச் சங்கங்கள் சேர்ந்து நடத்தின. கறுப்பினத் தொழிலாளரைப் பல சங்கங்கள் சேர்க்கவே இல்லை. வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளிகள் அவர்களையே கொண்டுவந்தார்கள். 1920 ஜனவரியில் எல்லாம் முடிந்தது. இங்கே 1924ஆம் ஆண்டின் தொழில் சமரசச் சட்டம், பாஸ் என்ற நடமாட்ட அனுமதிச் சீட்டைச் சுமந்த ஆப்பிரிக்கரைத் தொழிலாளி என்றே கணக்கில் எடுக்காமல், இந்தியரிடமிருந்து பிரித்து நிறுத்தியது. இருந்தும் 1937இல் டர்பன் ஃபால்கிர்க் இரும்பாலையில் இரு தரப்பும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். ஆகவே அறிவிப்பு ஸூலுவிலும் ஒட்டப்பட வேண்டும். லேபர் புரோக்கர், அதாவது ஆள் சப்ளை செய்யும் ஏஜென்ட், வழியாக வந்தவர்களுக்கும் படிவம் கொடுங்கள்.

கடைசியாக வேலைநிறுத்தம். 1922இல் ரயில் பட்டறைத் தொழிலாளர் ஏறக்குறைய 4 லட்சம் பேரின் போராட்டத்தை ஒரு நீதிமன்றத் தடையாணை முறித்தது. இங்கே தொழிலாளர் நீதிமன்றம் தடை தருவது பெரும்பாலும் படி தவறியவர்களுக்கே: சி.சி.எம்.ஏ.யில் சமரசம் தோற்றது என்ற சான்று அல்லது தகராறை அங்கே அனுப்பி 30 நாள் கழிந்திருப்பது, பிறகு 48 மணி நேர எழுத்து அறிவிப்பு. அரசு வேலை என்றால் 7 நாள். ரகசிய வாக்கெடுப்பையும் நடத்திவிடுங்கள். அறிவிப்பில் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். கொடுத்த நகலில் பெற்றவர் கையெழுத்தும் நேரமும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள்.